காரம் தெரிந்த ஊரில் கேஜன் கடை

சேலத்திலோ நாமக்கல்லிலோ கேஜன் சமையலுக்கென்றே ஓர் உயர்தர உணவகம் திறக்க நினைப்பவருக்காக இந்த அத்தியாயம். தலைக்கு எழுநூறு, எண்ணூறு ரூபாய் ஆகும் கடை, மங்கலான விளக்கு, மேசை விரிப்பு, ஆங்கில மெனு என்று திட்டம் போட்டிருந்தால், கட்டடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை முழுக்கப் படியுங்கள். அந்த வடிவில் இங்கே கடை நிற்காது என்பது என் கணிப்பு. அதே சமையலைத் தலைக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது ரூபாயில் வயிறு நிறையக் கொடுத்து, அதற்கு மேல் விலை கூடிய பண்டம் இரண்டு மூன்றை மட்டும் வைத்தால் நிற்கும்.

ஊர்க்காரர் கையில் காசு

இந்தப் பக்கம் கையில் காசு இல்லாமல் இல்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வைத்திருப்பவர், நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி ஓட்டுபவர், கோழிப்பண்ணைக்காரர், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துபவர், ஜவ்வரிசி ஆலைக்காரர் என்று சொந்தத் தொழில்காரர்கள் நிறைந்த பகுதி. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான பழக்கம், சின்ன எண்ணைக் கவனிப்பது. நாமக்கல் மண்டலத்துக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) அறிவிக்கும் முட்டை விலை ஐந்து காசு, பத்துக் காசு என்றுதான் ஏறும், இறங்கும். நாளுக்கு லட்சம் முட்டை எடுக்கும் பண்ணைக்கு அந்த ஐந்து காசு ஐயாயிரம் ரூபாய். லாரிக்காரருக்கு டீசல், ஜவ்வரிசிக்காரருக்கு மூட்டை விலை. காலை முழுக்க இந்தக் கணக்கில் இருந்தவர் மாலையில் உங்கள் மெனுவைத் திறக்கும்போது அந்தக் கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை. "இதுல எத்தனை பீஸ்ங்க வரும்? ரெண்டு பேர் சாப்பிடலாமுங்களா?" என்று கேட்பார். உங்கள் ஊழியர் முகம் சுளித்தால் அந்தக் குடும்பம் திரும்ப வராது.

இதே மனிதர்தான் சேலம் செல்வி மெஸ் போன்ற அசைவக் கடையில் மட்டன் சுக்கா, ஈரல், மீன் வறுவல் என்று வரிசையாக வாங்கி, நாலு பேருக்கு ஆயிரத்தைத் தாண்டும் பில்லை முணுமுணுக்காமல் கட்டுகிறார். அங்கே அவர் காசு எங்கே போனது என்பது தட்டில் தெரிகிறது. கறித்துண்டு தெரிகிறது, எண்ணெய் தெரிகிறது, சோறும் குழம்பும் கேட்டால் இன்னும் வருகிறது. விளக்குக்கும் இசைக்கும் சேர்த்துத் தலைக்கு இருநூறு ரூபாய் வாங்கினால் அந்தக் காசு எங்கே போனது என்பது அவர் கண்ணில் படுவதில்லை. ஆகவே அந்த இருநூறைக் கேட்கக் கூடாது. கேட்டால் தட்டில் காட்ட வேண்டும்.

மெஸ்ஸிலிருந்து உயர்தரத்துக்குப் போனவர்களைப் பாருங்கள். ஜூனியர் குப்பண்ணா 1960-இல் ஈரோட்டில் சிறிய மெஸ்ஸாகத் தொடங்கியது. இன்று சென்னை, பெங்களூரு வரை குளிர்சாதன அறைகளில் நடக்கிறது. திண்டுக்கல் தலப்பாகட்டி 1957-இல் தொடங்கியது. இரண்டுமே முதலில் ருசியிலும் அளவிலும் நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகுதான் குளிர்சாதனத்துக்கும் நாற்காலிக்கும் செலவழித்தன. புதிதாகக் கடை போடுபவர் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார். கையில் இருக்கும் முதலில் பாதியை உள்அலங்காரத்தில் கொட்டிவிட்டு, சமையற்காரருக்குக் கொடுக்கக் காசில்லாமல் நிற்பவர்களை இந்தத் தொழிலில் அடிக்கடி பார்க்கலாம்.

கேஜன் சமையல் எங்கிருந்து வந்தது

இந்தச் சமையலின் பின்புலம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விலை போடுவதற்கே அது உதவும். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழிக் குடியானவர்களை 1755 முதல் பிரிட்டிஷார் துரத்தினார்கள். அவர்களில் பலர் வருடங்கள் அலைந்து அமெரிக்காவின் லூசியானாவில் சதுப்பு நிலத்தில் குடியேறினார்கள். அங்கே கிடைத்த நெல்லரிசி, ஆற்று மீன், நன்னீர்ச் சிங்கி இறால், கோழி, ஆப்பிரிக்க அடிமைகள் கொண்டுவந்த வெண்டைக்காய், பூர்வகுடிகள் காட்டிய இலைப்பொடி, இவற்றை ஒரே பானையில் போட்டுக் குடும்பம் முழுக்கச் சாப்பிட்ட சமையல் இது. ஏழைக் குடியானவர் சோறு. கோழி ஈரலையும் அதோடு வரும், 'மாங்காய்' எனப்படும் இரைப்பைக் கறியையும் பொடியாக நறுக்கி அரிசியோடு புரட்டும் பண்டம் இதில் முக்கியமானது. அப்படிப்பட்ட சமையலை வெள்ளைத் துணி விரித்த மேசையில் கைப்பிடி அளவு வைத்து விற்பது அதன் இயல்புக்கே பொருந்தாது.

பால் ப்ரூடோம் இதைப் புரிந்துவைத்திருந்தார். லூசியானாவின் குத்தகை விவசாயி ஒருவரின் 13 பிள்ளைகளில் கடைசி அவர். நியூ ஆர்லியன்ஸில் பெரிய உணவகம் ஒன்றின் தலைமைச் சமையற்காரராக இருந்துவிட்டு, 1979-இல் மனைவியுடன் சேர்ந்து கே-பால்ஸ் என்ற கடையைத் திறந்தார். முன்பதிவு கிடையாது. வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்; முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். உருக்கிய வெண்ணெயில் முக்கி, மசாலாப் பொடி தூவி, கனல் ஏறிய இரும்புச் சட்டியில் கருக்கி எடுத்த மீன் அவர் பண்டம். அது நாடு முழுக்கப் பரவியதில் அந்த மீன் இனமே குறைந்து, 1980களின் பிற்பகுதியில் மெக்சிகோ வளைகுடாவில் அதை வணிகத்துக்குப் பிடிப்பதை அமெரிக்க அரசு தடுக்க வேண்டியதாயிற்று. மேசைவிரிப்புக்கு அதில் பங்கு இல்லை. சட்டியின் சூடும் மசாலாவும் செய்த வேலை.

நம் பக்கத்துக்குக் கேஜன் என்ற பெயர் இரண்டு வழியில் வந்திருக்கிறது. 2006-இல் மும்பையில் தொடங்கிய பார்பிக்யூ நேஷன், ஒரே விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடும் முறையில் கேஜன் உருளைக்கிழங்கைப் பரிமாறியது. மாவில் தோய்த்துப் பொரித்து, காரமான மயோனைஸ் ஊற்றிய சின்ன உருளைக்கிழங்கு. பிறந்தநாளுக்குப் போன பிள்ளைகள் அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது பாப்பாய்ஸ். இந்தச் சங்கிலிக் கடை 1972-இல் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் வேறு பெயரில் காரமில்லாத கோழி விற்று, வியாபாரம் ஆகாமல், காரத்தைக் கூட்டிப் பெயரை மாற்றிய பிறகு எழுந்தது. டாமினோஸை நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் 2022 ஜனவரியில் பெங்களூரு கோரமங்கலாவில் அதன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. கோழியைக் கேஜன் மசாலாவில் 12 மணி நேரம் ஊறவைப்பதைத்தான் அவர்கள் சொல்லி விற்கிறார்கள்.

இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. உருளைக்கிழங்கு யாருக்கும் பயமில்லாத பொருள். அதற்குத் தனி விலையும் போடவில்லை. ஆகவே புதிய பெயர் நாக்குக்கு எளிதாகப் பழகியது. உங்கள் கடையிலும் ஊருக்குத் தெரியாத பண்டத்தை முதல் மூன்று மாதம் தனி விலைக்கு விற்காதீர்கள். கோழி வாங்குபவருக்குச் சின்னக் கிண்ணத்தில் கம்போ என்ற லூசியானாக் குழம்பு சும்மா வரட்டும். பிடித்தவர் அடுத்த முறை அதைக் கேட்டு வாங்குவார். பாப்பாய்ஸ் சொல்வது காரத்தைக் குறைக்காதே என்று. இங்கே அதற்கு இன்னும் வலு உண்டு, ஏனென்றால் காவிரியின் இந்தக் கரையில்தான் பள்ளிபாளையம் இருக்கிறது. விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, எண்ணெய், கோழி. கரம் மசாலா எதுவும் போடாமல் இவ்வளவில் ஒரு கறியை ஊர்ப்பெயரோடு நிறுத்திய பகுதி இது. மிளகாயின் மணம் எது, வெறும் எரிச்சல் எது என்று சாப்பிடுபவருக்குத் தெரியும். கேஜனில் சிவப்பு மிளகாய், கருமிளகு, வெண்மிளகு மூன்றும் சேர்ந்து நாக்கின் மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும். டப்பாவில் வரும் கேஜன் பொடியில் பெரும்பாலும் உப்பும் பூண்டுப்பொடியும்தான் தூக்கலாக இருக்கும். அதை வாங்காதீர்கள்.

அளவுகோல் பிரியாணி

எந்தப் புதிய சோற்றுப் பண்டத்தையும் இந்த ஊர் பிரியாணியை வைத்து அளக்கும். சேலத்தில் தொடங்கிச் சென்னை வரை கிளை பரப்பிய ஆர்.ஆர். பிரியாணி உட்பட, இங்கே தெருவுக்குத் தெரு பிரியாணி உண்டு. ஜம்பலாயா என்பது கோழியும் இறாலும் அரிசியும் ஒரே பாத்திரத்தில் வெந்த சோறு. அதை நானூற்றைம்பது ரூபாய்க்கு வைத்தால், "தக்காளிப் பிரியாணிக்கு இவ்வளவா?" என்ற ஒரே கேள்வியில் கடை தோற்றுவிடும். ஜம்பலாயாவை முதன்மைப் பண்டமாக வைக்காதீர்கள். நாலு பேருக்கு ஒரு சட்டி என்று வார இறுதியில் மட்டும் விற்கலாம். அப்போது அது பிரியாணியோடு நேருக்கு நேர் நிற்காது.

முன்னால் நிறுத்த வேண்டியவை, ஊரில் ஒப்பிட ஆளில்லாத பண்டங்கள்: இரும்புக் கல்லில் கருக்கிய மீன், புகையேற்றிய கோழித்தொடை, ஈரல் சோறு, மக்காச்சோள ரொட்டி. இவற்றுக்கு வாடிக்கையாளர் மனதில் முன்விலை கிடையாது. நீங்கள் சொல்லும் விலை, தட்டில் உள்ள அளவோடு பொருந்தினால் ஏற்றுக்கொள்வார்.

சரக்கு

இந்தச் சமையலுக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஐம்பது கிலோமீட்டர் சுற்றுக்குள் கிடைக்கிறது. இந்த ஊரில் கேஜன் கடை போடலாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான்.

மீனில் தொடங்குவோம். லூசியானாவில் கருக்கும் மீன்களில் ஒன்று கெளுத்தி வகை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்ததிலிருந்து அணை மீன் இந்தப் பகுதிக்குப் பழக்கம். அணைப் பூங்காவுக்குப் போகிறவர்கள் வறுத்த மீன் சாப்பிடாமல் திரும்புவதில்லை. நாட்டுக் கெளுத்தி கிடைக்கும் நாளில் வாங்குங்கள். ஆனால் குளத்து வளர்ப்பில் மலிவாக வரும் ஆப்பிரிக்கத் தேளி தடை செய்யப்பட்ட இனம். கெளுத்தி என்ற பெயரில் அது உங்கள் சமையலறைக்குள் வர விடாதீர்கள். ரோகு, கட்லா இரண்டும் கருக்குவதற்கு ஆகாது. சதைக்குள் இழை இழையாக முள் ஓடும். முள்ளெடுத்த துண்டாக விற்க முடியாது. விலை கூடிய பண்டமாக விராலை வையுங்கள். நடுமுள்ளைத் தவிர முள் குறைவு, சதை கெட்டி, இரும்புக் கல்லில் உடையாது. அதைவிட முக்கியம், விரால் விலை உயர்ந்த மீன் என்பது ஊருக்கே தெரியும். மேசையில் ஐந்நூறு ரூபாய் சொன்னால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இறாலுக்குப் பண்ணை வனாமி போதும். கடலூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருவதை வாரம் இரண்டு நாள் எடுங்கள். லூசியானாவின் நன்னீர்ச் சிங்கி இறாலை உறைய வைத்து இறக்குமதி செய்ய யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த விலையை இந்த ஊரில் எந்தத் தட்டிலும் ஏற்ற முடியாது.

கோழி உங்கள் முதுகெலும்பு. கறிக்கோழிக்குப் பல்லடத்தில் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு (பி.சி.சி.) அறிவிக்கும் பண்ணை விலையைத் தினமும் குறித்துவாருங்கள். கடை விலை அதைப் பின்தொடரும். நெஞ்சுக்கறியைவிடத் தொடையும் காலும் வாங்குங்கள். எலும்போடு இருக்கும் கறிக்குத்தான் இங்கே மதிப்பு. புகையேற்றினாலும் வறண்டு போகாது. லூசியானாவில் கோழிக் கம்போவில் பெரும்பாலும் புகையேற்றிய பன்றி இறைச்சித் தொத்திறைச்சி இருக்கும். இங்கே குடும்பமாக வருபவர்களில் பலர் பன்றி இறைச்சி சமைக்கும் கடை என்று தெரிந்தாலே உள்ளே வரமாட்டார்கள். புகையேற்றிய கோழித்தொடையை நறுக்கிப் போட்டால் அந்த வேலையைச் செய்யும். புகைக்குச் சீமைக் கருவேலம் எடுக்கலாம். அமெரிக்காவின் டெக்சாஸில் இறைச்சிக்குப் புகை போட விரும்பி வாங்கும் மெஸ்கீட் மரம் இதன் நெருங்கிய உறவு. நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். பச்சை மரம் கசப்பு ஏற்றும்.

ஈரலும் மாங்காயும் கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். ஈரல் சோறு உங்கள் கடையிலேயே லாபம் கூடிய பண்டமாக அமையும். ஊர்க்காரருக்கு ஈரல் புதிதும் இல்லை. இதற்குப் பாஸ்மதி வேண்டாம். லூசியானாக்காரர் பலர் கம்போவை ஊற்றிப் பிசைவதும் நடுத்தர நீள அரிசிச் சோற்றில்தான். பொன்னி சரியாக வரும்.

குழம்புக்கு அடிப்படை, மாவை எண்ணெயில் சாக்லேட் நிறம் வரும்வரை வறுப்பது. நாற்பது நிமிடம் கரண்டியை எடுக்காமல் கிளற வேண்டும். கரும்புள்ளி ஒன்று தெரிந்தாலும் முழுச்சட்டியையும் கொட்டிவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வறுத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆள் கூலி மிச்சமாகும். வெண்டைக்காயைத் தனியே வதக்கி வழவழப்பு போன பிறகே குழம்பில் சேருங்கள். வழவழப்பான குழம்பை இங்கே யாரும் இரண்டாவது வாய் எடுக்க மாட்டார்கள். வெண்டைக்காயும் வெங்காயமும் சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி உழவர் சந்தைகளில் காலை ஏழு மணிக்குள் வாங்கிவிடுங்கள். குடைமிளகாய் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து வரும். செலரி மட்டும் மலைக்காய். வாரம் ஒருமுறை வாங்கி, நறுக்கி உறைய வைத்தால் குழம்புக்குப் போதும். கொத்தமல்லித் தண்டை மாற்றாகப் போடாதீர்கள், வாசம் சாம்பார்ப் பக்கம் போய்விடும். மிளகு கொல்லிமலையில் இருக்கிறது. நிறத்துக்குப் பியாடகி மிளகாய்.

மக்காச்சோள மாவு வாங்கும்போது கவனம். இந்தப் பகுதியில் புரளும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித்தீவனத்துக்கு. தீவனச் சரக்கில் பூஞ்சை நச்சு இருக்கும் ஆபத்து உண்டு. உணவுக்கென்று தரம் பிரித்ததை மட்டும் வாங்க வேண்டும். முட்டைக்கு உலகத்தில் இதைவிட நல்ல ஊர் இல்லை. அவித்த முட்டையைப் பிளந்து, மஞ்சள்கருவைக் காரமாகப் பிசைந்து திரும்ப நிரப்பும் பண்டம் அமெரிக்கத் தெற்கில் எல்லா வீட்டு விருந்திலும் உண்டு. நாலு அரை முட்டை எண்பது ரூபாய்க்குக் கொடுத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை; பிள்ளைகள் இன்னொரு தட்டு கேட்பார்கள்.

சமையலறையில் புகைபோக்கிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். வெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் கனலும் சேர்ந்து எழும்பும் நெடி, சாப்பிடும் கூடத்துக்குள் வந்தால் குழந்தை முதல் பாட்டி வரை இருமுவார்கள். வலுவான உறிஞ்சுவிசிறியோடு நல்ல புகைக்கூடு போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் சுவருக்கு வண்ணம் அடியுங்கள்.

கணக்கு

எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

48 நாற்காலி உள்ள எளிய கடை. மாத வாடகை 1,20,000, சம்பளம் 3,40,000, மின்சாரம் 60,000, எரிவாயு 45,000, மற்றவை 55,000. மொத்தம் 6,20,000 ரூபாய். நூறு ரூபாய் விற்றால் சரக்குக்கும் பொட்டலத்துக்கும் 42 போகிறது, 58 கையில் நிற்கிறது என்று வையுங்கள். நட்டமில்லாமல் நிற்க மாதம் சுமார் 10,70,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய 35,700. தலைக்கு 320 ரூபாய் என்றால் 112 பேர். இரண்டு வேளையில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருமுறைக்குச் சற்று அதிகமாக ஆள் உட்கார வேண்டும். நடக்கக்கூடியது.

இப்போது அலங்காரக் கடை. வாடகை 1,80,000, சம்பளம் 5,00,000, மின்சாரம் 1,00,000, எரிவாயு 45,000, கடன் தவணை உட்பட மற்றவை 1,25,000. மொத்தம் 9,50,000. விலை கூட என்பதால் நூறில் 62 நிற்கட்டும். மாதம் 15,30,000 ரூபாய் விற்க வேண்டும், நாளுக்கு 51,000. தலைக்கு 750 என்றால் 68 பேர். எண்ணைப் பார்த்தால் இது சுலபமாகத் தோன்றும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். தலைக்கு 750 கொடுக்கும் குடும்பம் இந்த ஊரில் சனி, ஞாயிறு இரவும் விசேஷ நாளும்தான் வெளியே வரும். செவ்வாய்க்கிழமை மதியம் வராது. வாரத்தில் ஐந்து நாள் இருபது பேர் வந்தால், மீதி இரண்டு நாளில் ஒவ்வொரு நாளும் 188 பேர் வந்தாக வேண்டும். 320 ரூபாய்க் கடைக்கு வங்கி ஊழியரும் மருத்துவமனைக்கு வந்தவரும் கல்லூரிப் பிள்ளைகளும் வார நாளிலும் வருவார்கள்.

வரி விஷயத்தில் புதியவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. சாதாரண உணவகத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஆனால் நீங்கள் கட்டும் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. வாடகைக்கும், குளிர்சாதனத்துக்கும், உள்அலங்கார வேலைக்கும் நீங்கள் கொடுக்கும் வரி முழுக்க உங்கள் செலவு. இருபது லட்சம் ரூபாய்க்கு 18 சதவீத வரியுள்ள அலங்கார வேலை செய்தால், மூன்று லட்சத்து அறுபதாயிரம் வரி வாசலிலேயே போய்விடும். மெனுவில் வரியைச் சேர்த்த விலையையே அச்சிடுங்கள். 280 என்று படித்தவருக்கு 294 என்று பில் வந்தால் பதினான்கு ரூபாய் பெரிதல்ல, ஆனால் சொன்னது ஒன்று வாங்கியது ஒன்று என்று தோன்றிவிடும். சேவைக் கட்டணம் போடவே போடாதீர்கள். தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் தந்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குடிநீரும் இலவசமாக மேசைக்கு வரட்டும்.

லூசியானாவிலும் மற்ற இடங்களிலும் இந்த வகை உணவகங்களுக்குக் கணிசமான லாபம் மதுவிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் மது விற்க விடுதியோடு சேர்ந்த உரிமம் வேண்டும். தனி உணவகத்துக்கு அந்த வழி கிடையாது. வெளிநாட்டு உணவகக் கணக்கை இணையத்திலிருந்து எடுத்து உங்கள் திட்டத்தில் ஒட்டாதீர்கள். இங்கே அந்த இடத்தைப் பானங்கள் கொஞ்சம் நிரப்பும்: நன்னாரி, எலுமிச்சை, சேலத்து மாம்பழக் காலத்தில் மல்கோவாச் சாறு. காரத்துக்குப் பிறகு குளிர்ச்சியைத் தேடும் கை அவற்றுக்குத்தான் போகும்.

சோற்றுக்கு மட்டும் தாராளமாக இருங்கள். இரண்டாவது முறை சோறு கேட்டால் காசு கூடாது. குழம்பும் ஒருமுறை கூட வரட்டும். ஒரு கரண்டிச் சோற்றின் விலை சில ரூபாய். அதற்கு நாற்பது ரூபாய் வாங்கும் கடையை இந்த ஊர் மெஸ்ஸோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடும்.

எங்கே, யாருக்கு

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டி வட்டாரம் இதற்குச் சரி. ஐந்து ரோட்டில் கூட்டம் உண்டு, வாடகை உங்கள் கணக்கை உடைக்கும். ஏற்காடு அடிவாரம் போகும் வழியில் வார இறுதி நன்றாக இருக்கும், வார நாள் காலியாக இருக்கும். சாலையோரம் போட்டால் பெங்களூரிலிருந்து வரும் வண்டிக்காரர்கள் நிற்பார்கள் என்று எண்ணி நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். அங்கே நிற்பவருக்கு வேகமான சாப்பாடும் கழிப்பறையும்தான் தேவை.

நாமக்கல்லுக்குத் தனியான வாய்ப்பு ஒன்று இருக்கிறது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு சுற்றியுள்ள விடுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் பல மாவட்டங்களிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். விடுதிச் சாப்பாட்டில் சலித்த பிள்ளை, "எங்க வேணும்னாலும் சாப்பிடலாம்ப்பா, சொல்லு" என்று கேட்கும் அப்பா. அன்றைக்கு அவர் விலையைப் பார்ப்பதில்லை. அந்த ஞாயிறு மதியத்துக்கு மட்டும் ஐந்து பேர் சேர்ந்து சாப்பிடும் தாம்பாளம் ஒன்றைத் தயார் வைக்கலாம். ஆனால் அது மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு. அதை மட்டும் நம்பி வாடகை ஒப்பந்தம் போட முடியாது. முதல் கடை சேலத்தில், அது நின்ற பிறகு நாமக்கல் என்பதே என் யோசனை.

மாதங்கள்

புரட்டாசியில் பல வீடுகளில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. மற்ற வீடுகளிலும் சனிக்கிழமை கிடையாது. உங்கள் பெரிய நாளே போய்விடும். கார்த்திகையில் மாலை போடுபவர் இருக்கும் வீட்டில் மகர விளக்கு வரை கறி வெளியே வாங்கிச் சாப்பிடுவதும் குறையும். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது விருந்து வீட்டில்தான். மூன்று மெலிந்த காலங்கள். இவற்றுக்காகச் சைவ வரிசை ஒன்றைத் தனிச் சட்டி, தனிக் கரண்டியோடு தொடக்கத்திலிருந்தே வைத்திருங்கள். நியூ ஆர்லியன்ஸில் திங்கட்கிழமைதோறும் சிவப்புப் பீன்ஸும் சோறும் சமைப்பது பழைய வழக்கம். ராஜ்மாவில் இறைச்சி சேர்க்காமல் செய்தாலும் அது கெடாது. காளான் கம்போ, கருக்கிய பனீர் இரண்டும் போதும்.

கடை திறக்கத் தை மாதம் நல்லது. ஏற்காட்டுக் கோடைக் கூட்டம் வருவதற்குள் சமையலறை பழகிவிடும்; ஆடி வரும்போது உங்களுக்கு ஆறு மாத வாடிக்கை இருக்கும். மார்கழியின் கடைசி இரண்டு வாரம் சோதனைப் பரிமாறல் நடத்துங்கள். நண்பர்களைக் கூப்பிட வேண்டாம், அவர்கள் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். பக்கத்துத் தெருவில் உள்ள மருந்துக்கடைக்காரர், நகைப்பட்டறைக்காரர், ஆட்டோ நிறுத்தத்து அண்ணன்மார் என்று இருபது பேருக்கு நாளும் பாதி விலையில் சீட்டுக் கொடுங்கள். இலவசமாகக் கொடுத்தால் உண்மையான குறை வெளியே வராது. தட்டு திரும்பி வரும்போது என்ன மீந்திருக்கிறது என்று எடை போட்டு, பண்டத்தின் பெயரோடு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வாரமும் மூன்றில் ஒரு பங்கு மீந்து வரும் பண்டம் எதுவாக இருந்தாலும், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும், அச்சகத்துக்குப் போகும் மெனுவிலிருந்து அடித்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்களைக் கட்டிப்போடும் காலம் 11 மாதத்துக்கு மேல் இல்லாமல் பேசி முடித்த பிறகே அந்த மெனுவை அச்சுக்குக் கொடுங்கள்.